கறந்தது யாரு?

அந்த அக்காவை யாராவது மேடையில் புகழ்ந்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. போன மகளிர் தினத்தன்று எங்கள் பால் சொசைட்டியில் அவரை வரவழைத்து, பொன்னாடை போர்த்தி, பெண்குலத்தின் விளக்கு என்று மைக்கில் முழங்கினார்கள். முழங்கியவர்கள் யார் என்று எனக்குத் தெரியும். அந்த விளக்கை ஊதி அணைத்த வாய்கள் அவை. அக்கா பொன்னாடையை நாலாக மடித்தார். தஞ்சாவூர் போகிற வரைக்கும் பஸ்ஸில் வெயில் அடிக்கும், சன்னலில் கட்டிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார். அதையும் தமாஷ் என்று நினைத்துக் கைதட்டினார்கள்.

இப்போது அவர் தஞ்சாவூரில் மகள் வீட்டில் இருக்கிறார். முட்டி தேய்ந்துவிட்டது, மாடு இல்லை. அவர் எங்கள் ஊரில் இருந்த காலத்தைத்தான் சொல்ல வேண்டும்.

எங்கள் ஊர் கீழ்வேளூரிலிருந்து உள்ளே தள்ளி, வாய்க்காலை ஒட்டி இருக்கிறது. நெல் ஊர்தான். ஆனால் நெல் காசு காட்டுவது அறுப்புக்கு அறுப்புதான். அன்றாடம் அடுப்பு எரிவது மாட்டால். சங்கத்தின் பலகையில் பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கம் என்று எழுதியிருக்கும், நாங்கள் சொசைட்டி என்போம். அதில் நான் டெஸ்டர். கேனில் வருகிற பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று டிகிரி பார்த்து, கொழுப்பு பார்த்து, கொண்டுவந்தவர் பெயரைக் கணினியில் தட்டுவது என் வேலை. அக்கா சங்கத்தின் தலைவர்.

எதற்கெடுத்தாலும் அவருக்கு ஒரே கேள்விதான். "கறந்தது யாரு?" மாட்டைப் பற்றி மட்டுமல்ல, எல்லாவற்றுக்கும் இதேதான். ஒரு கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் தகப்பனார் இலையில் உட்கார்ந்து, பாயசம் ஏ ஒன் என்று சமையல்காரரைப் பாராட்டிக்கொண்டிருந்தார். அக்கா பக்கத்து இலையிலிருந்து எட்டிப்பார்த்து, இந்தப் பாலைக் கறந்தது யாரு என்று கேட்டார். அவருக்குத் தெரியவில்லை. கொல்லையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த அவர் மருமகள்தான். அக்கா எழுந்துபோய் அந்தப் பெண்ணைக் கையைப் பிடித்து இழுத்துவந்து பந்தியில் உட்காரவைத்தார். அந்த வீட்டில் அதற்குப்பிறகு அக்காவுக்குப் பத்திரிகை வைப்பதில்லை.

இன்னொரு நாள் மாவட்டத்திலிருந்து ஓர் அதிகாரி வந்திருந்தார். காபியை உறிஞ்சிக்கொண்டே, உங்கள் ஊர் ஆண்கள் கடும் உழைப்பாளிகள், இத்தனை பால் கொடுக்கிறார்களே என்றார். அக்கா அவரை அந்தக் காபியோடு எழுப்பி, தெருவில் நடத்தி, கொட்டில் கொட்டிலாகக் காட்டினார். ஒவ்வொரு கொட்டிலிலும் ஒரு பெண் சாணி அள்ளிக்கொண்டிருந்தாள், இல்லையென்றால் வைக்கோல் உதறிக்கொண்டிருந்தாள். உழைப்பாளிகள் டீக்கடையில் இருந்தார்கள். அதிகாரி தலையை ஆட்டிக்கொண்டே வந்தார், காபி ஆறிப்போயிருந்தது.

அவரைத் தலைவராக்கியது நாங்கள் இல்லை, ஊர் ஆம்பிளைகள்தான். அந்தமுறை பதவி பெண்களுக்கு என்று ஒதுக்கப்பட்டிருந்தது. யாரைப் போடலாம் என்று கூடிப் பேசியவர்கள் அக்காவைப் பார்க்கவில்லை, அவர் வீட்டுக்காரரைப் பார்த்தார்கள். அவர் வாயில்லாப் பூச்சி. சொன்னதைச் செய்வார், தலைவர் நாற்காலியில் அவர் உட்கார்ந்தால் எல்லோரும் உட்கார்ந்தமாதிரி என்று கணக்குப் போட்டார்கள். முதல்நாள் அவரும் வேட்டியை வெளுத்துக் கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். அக்கா எல்லோருக்கும் முன்னால் அவரிடமும் அதையேதான் கேட்டார். மனிதர் கோபித்துக்கொள்ளவில்லை. எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, மாட்டுக்குத் தண்ணி காட்டணும் என்று வீட்டுக்குப் போனார். ஊரில் நான் மதிக்கிற மிகச் சில ஆண்களில் அவர் ஒருவர்.

அக்கா இனிமையான மனுஷி என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு நல்ல வார்த்தையை அவர் வாயிலிருந்து பிடுங்கித்தான் எடுக்க வேண்டும். சொந்த ஓரகத்தி பாலில் தண்ணீர் கலந்துகொண்டு வந்தபோது, வரிசையில் நின்ற அத்தனை பேர் முன்னாலும் திருப்பி அனுப்பினார். அந்த அம்மாள் அழுதுகொண்டே போனார். எனக்கே சங்கடமாக இருந்தது. தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாமே என்றேன். தனியாகச் சொன்னால் தனியாக மறந்துவிடுவாள் என்றார்.

ஆனால் அவர் வந்தபிறகுதான் சொசைட்டியில் கழிப்பறை வந்தது. நடவுக்குப் போகிற பெண்கள் பாலை ஊற்றிவிட்டு வயலுக்கு ஓடும்படி, பால் எடுக்கிற நேரம் முன்னால் வந்தது. தீவன மூட்டை யார் யாருக்கோ போவது நின்று, மாடு இருக்கிற வீட்டுக்கு வந்தது. அதற்கெல்லாம் மேல் ஒரு காரியம் செய்தார். அதைப் பற்றித்தான் இத்தனை பீடிகையும்.

எங்கள் ஊரில் மாட்டைப் பார்ப்பவர்கள் பெண்கள். உறுப்பினர் கார்டு இருந்தது ஆம்பிளைகள் பேரில். ஓட்டு அவர்களுக்கு, போனஸ் அவர்களுக்கு, கூட்டத்தில் டீயும் மிக்சரும் அவர்களுக்கு. அக்கா ஒரு விதி கொண்டுவந்தார். தேர்தலுக்கு முந்தைய மாதங்களில் யார் கையால் பால் சொசைட்டிக்கு வந்து ஊற்றப்பட்டதோ, அவருக்குத்தான் ஓட்டு. கூட்டத்தை அறுப்பு நேரம் பார்த்து வைத்தார். பாதிப் பேர் வரவில்லை. வந்தவர்களும் களத்து நெல் ஞாபகத்தில் கையைத் தூக்கிவிட்டுப் போனார்கள். மேலே ஒப்புதலும் கிடைத்தது.

கறப்பவருக்கு ஓட்டு என்றே வைத்திருக்கலாமே என்று நான் கேட்டேன். கறப்பதைக் கொட்டிலுக்கு வந்து யார் பார்ப்பார்கள் என்றார் அக்கா. "கேனைத் தூக்குறவதான் கறக்குறவ. நம்ம ஊர்ல எந்த ஆம்பள கேன் தூக்குறான், சொல்லு பாப்பம்." எனக்கும் ஒருவர் முகமும் நினைவுக்கு வரவில்லை. அடுத்த தேர்தலில் பெண்கள் வரிசையாக நின்று ஓட்டுப் போட்டார்கள். அக்கா மறுபடியும் தலைவர் ஆனார். எங்கள் வீட்டில் ஓட்டு என் மாமியாருக்கு வந்தது. ஓட்டுப் போட்டுவிட்டு வந்த அன்று அவர் யாரிடமும் கேட்காமல் ஈசிசேரில் கால் நீட்டிப் படுத்தார். என் வீட்டுக்காரர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

இவ்வளவும் ஊர் ஆம்பிளைகளுக்கு உறைக்கக் கொஞ்ச நாள் ஆனது. உறைத்ததும் முன்னால் வந்தவர் உரக்கடைக்காரர். சிரித்துக்கொண்டே பேசுகிற ஆள், எல்லோருக்கும் கடன் தருகிறவர். அடுத்த தேர்தல் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் இருந்தது.

ஒருநாள் விடிகாலையில் என் மேசைக்கு முன்னால் ஓர் ஆம்பிளை கேனோடு நின்றார். மறுநாள் நாலைந்து பேர். அந்த வாரத்துக்குள் வரிசையே மாறிவிட்டது. பைக்கில் கேனைக் கட்டிக்கொண்டு வந்தார்கள். மூடியை இறுக்கத் தெரியாமல் வழியெல்லாம் சிந்திக்கொண்டு வந்தார்கள். அவரவர் பாலுக்கு எத்தனை டிகிரி என்று போட்டி போட்டுக்கொண்டு கேட்டார்கள். என் வீட்டுக்காரரும் வந்தார். நம்ம செவலை பால் எப்படி என்று என்னிடமே கேட்டார், மாட்டை அவரே பெற்றமாதிரி. கறந்துகொடுத்து, கேனைக் கழுவி, பைக்கில் ஏற்றிவிட்டது என் மாமியார்.

ஊரே மெச்சியது. பொம்பளைங்க பாவம், எத்தனை வேலைதான் பார்ப்பாங்க, நாமளும் கை கொடுக்கணும் என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். யார் வாயிலிருந்து என்ன பேச்சு. என் மாமியார் தெரு முழுக்கப் போய், என் மகன் கேன் தூக்குறான் என்று சொல்லிவிட்டு வந்தார். பொய்யில்லை, அவருக்கு முதுகுவலி குறைந்திருந்தது.

இதில் எனக்கு இன்றுவரைக்கும் ஆறாதது, அக்கா சந்தோஷப்பட்டதுதான். யாருக்கும் ஒரு நல்ல வார்த்தை தராதவர், அந்த ஆம்பிளைகளுக்குத் தன் காசில் டீ வாங்கிக்கொடுத்தார். "இதுக்குத்தான்டி இத்தன வருஷம் கத்துனேன்" என்றார் என்னிடம். "பாரு, வெக்கம் விட்டுப் போச்சு அவனுங்களுக்கு." அவர் கண் கலங்கியிருந்தது. சந்தேகப்படத் தெரியாதவர் இல்லை அவர். ஆனால் இத்தனை காலம் ஆசைப்பட்டது கண்ணெதிரே வந்து நின்றால் யார்தான் உரசிப் பார்ப்பார்கள். நானும் பார்க்கவில்லை. யார் பெயரைச் சொன்னார்களோ அதைத் தட்டிக்கொண்டிருந்தேன்.

ஒரு காலையில் மாட்டைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் பல் தேய்த்துக்கொண்டு நின்றார். மழைக்காலத்தில் ரோடு சேறாகிவிடும், அப்போதும் நீங்களே கொண்டுபோவீர்கள்தானே என்று சாதாரணமாகத்தான் கேட்டேன்.

"மழைக்குள்ள எலெக்‌ஷன் முடிஞ்சிடும்" என்றார்.

முகத்தில் ஒரு கூச்சம் இல்லை. எனக்கு எல்லாம் தெரிந்திருக்கும் என்று நினைத்தாரோ, தெரிந்தால்தான் என்ன என்று நினைத்தாரோ. வாய் கொப்பளித்துவிட்டு உள்ளே போய்விட்டார். நான் ஈரப்புடவையோடு அக்கா வீட்டுக்கு ஓடினேன்.

அக்கா ஒரு வார்த்தையும் திட்டவில்லை. அன்றைக்கே வீடு வீடாகக் கிளம்பினார், நானும் கூடப் போனேன். கேனை உங்கள் கைக்கு வாங்கிக்கொள்ளுங்கள், இன்னும் நாள் இருக்கிறது, இல்லையென்றால் ஓட்டு போய்விடும், ஓட்டுப் போனால் சொசைட்டி போய்விடும் என்று ஒவ்வொரு வாசலிலும் சொன்னார். குறுவை நடவு நேரம். நாள் முழுக்கச் சேற்றில் குனிந்துவிட்டு வந்த பெண்கள், இடுப்பைப் பிடித்துக்கொண்டு கேட்டார்கள். இந்த மனுஷன் கல்யாணம் ஆனதிலிருந்து இப்போதுதான் ஒரு வேலை செய்கிறார், அதையும் கெடுக்க வந்துவிட்டீர்களா என்றாள் ஒருத்தி. இன்னொருத்தி கேனைக் கேட்டுப் பார்த்தாள். நான் தூக்கினால் உனக்குக் கசக்கிறதா என்று அவள் புருஷன் பாய்ந்தான்.

கடைசியாக எங்கள் வீட்டுக்கு வந்தோம். என் மாமியார் அக்காவைவிடப் பெரியவர், அக்கா அவரை அத்தை என்பார். முழுவதும் கேட்டுவிட்டு என் மாமியார் சொன்னார்: "ஏம்மா, நீ நாற்காலில உக்கார என் இடுப்பு ஒடியணுமா?"

அக்கா செருப்பை மாட்டிக்கொண்டார். தெருவில் இறங்கியபிறகு, அத்தை சொல்வது நியாயம்தான் என்றார். நியாயமாக இருப்பதுதான் வயிற்றெரிச்சல் என்றார். நான் என் மாமியாரைத் திட்டினேன். அக்கா என்னைத் திட்டினார்.

தேர்தல் நடந்தது. வரிசையில் வேட்டிகளாக நின்றன. பெண்கள் எதிர்ப்பக்கம் புங்கமர நிழலில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். பதவி அந்தமுறையும் பெண்களுக்கே ஒதுக்கப்பட்டிருந்ததால் உரக்கடைக்காரரின் மனைவி தலைவர் ஆனார். நாற்காலியில் உரக்கடைக்காரர் உட்கார்ந்தார். அந்த அம்மாள் கையெழுத்துப் போட ஒருமுறை வந்துவிட்டு, அடுப்பில் குழம்பு இருக்கிறது என்று ஓடினார்.

மறுநாள் விடிகாலையில் ஓர் ஆம்பிளைகூட வரவில்லை. ஒருவர்கூட. ஒருநாள் போகட்டும் என்ற நாகரிகம்கூட இல்லை. பெண்கள் பழையபடி இடுப்பில் கேனோடு வரிசையில் நின்றார்கள், ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்கவில்லை. பாலை வீட்டில் வைத்துக்கொண்டு யாரும் கோபித்துக்கொள்ள முடியாது, வெயில் ஏறினால் திரிந்துவிடும். என் மாமியாரும் வந்தார். அவருக்கு முன்னால் அக்கா தன் கேனோடு நின்றிருந்தார். நான் வெறிபிடித்தமாதிரி காத்திருந்தேன், அக்கா கத்தட்டும், நாலு வார்த்தை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிறமாதிரி கேட்கட்டும் என்று. அக்கா திரும்பி, அத்தையின் கேனைத் தன் கையில் வாங்கித் தூக்கி மேடையில் வைத்தார். அவ்வளவுதான். என் மாமியார் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

பாலெல்லாம் எடுத்து முடித்து வண்டி போனபிறகு அக்கா என் மேசைக்கு வந்தார்.

"கடன் சங்கத்துல நிலம் வச்சிருக்கவன் எல்லாம் மெம்பரு" என்றார். "உழுதது யாரு, நட்டது யாருன்னு அவன ஒருத்தன் கேட்டிருக்கானா? அவன் வெளிநாட்டுல இருந்தாலும் ஓட்டு இருக்கு. நம்ம பொம்பளைங்கள மட்டும், நீ கறந்தியா, நீ தூக்குனியா, அப்பதான் ஓட்டுன்னு நானே சொல்லி வச்சேன். ஓட்டு என்ன கூலியா?"

அன்றோடு அந்தக் கேள்வியை விட்டுவிட்டார். அதற்குப்பிறகு அவர் வாயில் அதை நான் கேட்கவில்லை. வேறொன்றைப் பிடித்துக்கொண்டார். ஒரு வீட்டில் மாடு இருந்தால் புருஷன், பெண்டாட்டி இரண்டு பேரும் உறுப்பினர், இரண்டு பேருக்கும் ஓட்டு. யார் கறந்தால் என்ன, யார் தூக்கினால் என்ன. முடிந்தால் தூக்கட்டும், முடியாவிட்டால் படுக்கட்டும், ஓட்டு அவளுடையது.

புது நிர்வாகம் சும்மா இருக்கவில்லை. பாலை யார் ஊற்றினாலும் ஓட்டு இப்போது கார்டில் பெயர் இருப்பவருக்குத்தான் என்று விதியை மாற்றினார்கள். பெண்கள் ஓட்டுக்காக விடிகாலையில் அலைய வேண்டாமே என்று உரக்கடைக்காரர் காரணமும் சொன்னார். கார்டு எல்லாம் பழையபடி ஆம்பிளைகள் பேரில்தான் இருந்தது. தலைவராகும்போது வீட்டுக் கார்டைத் தன் பேருக்கு மாற்றியிருந்த அக்காவும், புருஷனில்லாத சில பெண்களும்தான் பெண்களில் மிச்சம்.

அடுத்த பேரவைக் கூட்டத்தில் அக்கா எழுந்து தன் தீர்மானத்தைச் சொன்னார். ஊழியர் என்பதால் நான் மேடைக்குப் பக்கத்தில் மேசையில் இருந்தேன். உள்ளே பெஞ்சுகளில் எல்லாம் ஆம்பிளைகள். உறுப்பினர் இல்லாத பெண்கள் உள்ளே வரக்கூடாது என்று சொல்லிவிட்டதால், சன்னல்களுக்கு வெளியே நின்றார்கள். அக்கா முந்தினநாள் தெருவில் போய் எல்லோரையும் வரச்சொல்லியிருந்தார். எதற்கு என்று எனக்கும் சொல்லவில்லை.

ஆதரிப்பவர்கள் கை தூக்குங்கள் என்றார் உரக்கடைக்காரர். அக்காவின் கை, அந்தச் சில பெண்களின் கை. எதிர்ப்பவர்கள் என்றார். அத்தனை ஆம்பிளைகளும் சிரித்துக்கொண்டே கையைத் தூக்கினார்கள். ஒரு நொடி பார்த்துவிட்டு, தீர்மானம் தோற்றது, கையை இறக்கலாம் என்றார். அது இன்றுவரைக்கும் தோற்றுக்கொண்டுதான் இருக்கிறது.

"இறக்காதீங்க" என்றார் அக்கா. "எண்ணாம எப்படி முடிவு சொல்லுவீங்க? நான் கேக்குறேன், எண்ணணும்."

எண்ணிப் பார்க்கச் சொல்வது உறுப்பினரின் உரிமை. உரக்கடைக்காரர் சலித்துக்கொண்டே, சரி எண்ணிக்கோங்க என்றார். சிரிப்பு கேட்டது. கையை உயர்த்தியவர்கள் ஒரு விளையாட்டுப்போல அப்படியே வைத்திருந்தார்கள். அக்கா முதல் பெஞ்சிலிருந்து ஆரம்பித்தார். அவர் எண்களைச் சொல்லவில்லை. ஒவ்வொரு கைக்கு முன்னாலும் நின்று, சன்னல் பக்கம் திரும்பி, சத்தமாகச் சொன்னார்.

"செல்வி வீட்டுக்காரர்."

"மல்லிகா வீட்டுக்காரர்."

"பவுனு மகன்."

சிரிப்பு நின்றுவிட்டது. பெயர் சொல்லச் சொல்ல, சன்னலில் அந்தந்தப் பெண் மற்றவர்களை விலக்கிக்கொண்டு முன்னால் வந்து பார்த்தாள். செல்வியின் புருஷன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருவர் கையை இறக்கப் போனார், எண்ணி முடியவில்லை என்று அக்கா சொன்னதும் திரும்ப உயர்த்தினார். உரக்கடைக்காரர் ஏதோ சொல்ல எழுந்தார், அதற்குள் அக்கா அடுத்த கைக்குப் போய்விட்டார்.

மூன்றாவது பெஞ்சுக்கு வந்ததும் அக்கா நின்றார். அந்தக் கைக்கு முன்னால் பெயர் சொல்லாமல் என்னைத் திரும்பிப் பார்த்தார். மாப்பிள்ளை மோதிரம் போட்ட கை, எனக்குத் தெரியாதா. நான் மேசையிலிருந்து எழுந்தேன்.

"என் வீட்டுக்காரர்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். கை மெல்லக் கீழே வர ஆரம்பித்தது. பின்பக்கச் சன்னலில் கூட்டத்துக்குப் பின்னால் என் மாமியார் எக்கி எக்கிப் பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது. உயரம் போதாமல், முன்னால் நிற்பவளின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இருங்க" என்றேன். "கைய இறக்காதீங்க. அத்தை இன்னும் பாக்கல."